எந்த நாடு என்று கேட்பதற்கு முன்னால்

வாசகர் கடிதம்:

எனக்கு 66 வயது, மனைவிக்கு 63. நாங்கள் இருக்கும் நாட்டில் வயதானவர்கள் பெருகிவிட்டார்கள். பராமரிப்பு இல்லங்களில் இடம் கிடைக்க நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வீட்டோடு ஆள் வைத்தால் பென்ஷன் போதாது. அதனால் செலவு குறைந்த, குளிர் இல்லாத வேறொரு நாட்டில் குடியேறலாம் என்று நினைக்கிறோம். அங்கே கடலோர ஊர் ஒன்றுக்கு இரண்டு முறை விடுமுறைக்குப் போய்வந்தோம். மூன்றாவது மாடியில் ஒரு வீடும் பிடித்திருக்கிறது. இப்போதுள்ள வீட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும். ஏஜென்ட் இரண்டு மாதத்துக்குள் முன்பணம் கேட்கிறார். ஒரே மகள் வேறொரு நாட்டில் வேலை பார்க்கிறாள். 88 வயது அம்மா தம்பி வீட்டில் இருக்கிறார். மனைவிக்கு ஆறு மாதமாக லேசான மறதி; கேட்டதையே திரும்பக் கேட்கிறாள். வங்கிக் கணக்கெல்லாம் அவள்தான் பார்ப்பாள், இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். புது இடத்துக்குப் போனால் மனது தெளிந்துவிடும் என்று நம்புகிறேன். முதுமைக்கு எந்த நாடு நல்லது? வீட்டை விற்கலாமா? அம்மாவை விட்டுவிட்டுப் போவது தவறா?

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான் நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மனைவியின் மறதியைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். முதியோர் நல மருத்துவராக எனக்குக் கடிதத்தில் முதலில் பட்டது அதுதான். மற்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் அதைப் பொறுத்தே மாறும்.

தெரிந்தவர் பெயர் சட்டென்று நாக்கில் வராமல் போவது, மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறந்து தேடுவது எல்லாம் எந்த வயதிலும் உண்டு. அதற்காக யாரும் பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் இரண்டும் வேறு ரகம். கேட்டதையே மறுபடி கேட்கிறார் என்றால், சொன்ன பதில் உள்ளே பதியவில்லை. பல வருடமாகப் பார்த்துவந்த கணக்கைக் கையிலிருந்து நழுவவிட்டார் என்றால், செய்துகொண்டிருந்த ஒரு வேலை கடினமாகிவிட்டது. தனியாக வாழ ஒருவருக்கு வேண்டிய வேலைகளை லாட்டன், பிரோடி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1969இல் எட்டாகப் பிரித்தார்கள்: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மாத்திரை, பணம். இன்றைக்கும் எங்கள் அறையில் அதை வைத்துத்தான் கேள்வி கேட்கிறோம். மூளையில் ஏதாவது பிசகினால் பெரும்பாலும் பணமும் மாத்திரையும்தான் முன்னதாகத் தடுமாறும். கூட இருப்பவர் அன்போடு அந்த வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்வதால் வெளியே தெரியாமல் போய்விடும். உங்கள் வீட்டில் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் மனைவிக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் படிப்படியாகத் தேயும் நோய், என்று நான் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்து யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் நிறைய உண்டு. பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு மந்தம், மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, சரியாகக் காது கேட்காதது. சாப்பிடும் மாத்திரைகளே காரணமாக இருப்பதும் சாதாரணம். தூக்கத்துக்கும் அலர்ஜிக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் வருவதற்குத் தரும் சில மருந்துகள் எல்லாம் நினைவை மங்கவைக்கும். காதைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகவே சொல்கிறேன். சரியாகக் கேட்காதவர் பாதிப் பதிலை வைத்துக்கொண்டு மறுபடி கேட்பார். வீட்டில் அதை மறதி என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் முதல் வேலை: ரத்தப் பரிசோதனை, காது பரிசோதனை, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவது, அப்புறம் ஒரு நினைவாற்றல் சோதனை. ‘மோகா’ என்று ஒன்று இருக்கிறது, 30 மதிப்பெண்ணுக்கு, சுமார் பத்து நிமிடம்தான் ஆகும். அவருக்குச் சரளமான மொழியிலேயே அதைச் செய்யச் சொல்லுங்கள். அதில் மதிப்பெண் குறைந்தால் உடனே நோய் என்று அர்த்தமில்லை; அடுத்த கட்டப் பரிசோதனைகள் வேண்டும் என்று அர்த்தம். மருத்துவரிடம் போகும்போது, எப்போதிலிருந்து, என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் மகள் கவனித்ததையும் கேட்டு எழுதுங்கள். தூரத்தில் இருந்து வாரம் ஒருமுறை பேசுகிறவர்களுக்குச் சில மாற்றங்கள் நம்மைவிடத் தெளிவாகத் தெரியும்.

இதை இடம் மாறுவதற்கு முன்பே ஏன் செய்ய வேண்டும்? நீங்கள் நம்புவதற்கு நேர்மாறாகத்தான் பெரும்பாலும் நடக்கிறது. புது இடம் மனச்சோர்வை லேசாக்கலாம், அது உண்மைதான். ஆனால் நினைவு தளர ஆரம்பித்தவர் பழைய வீட்டில் பாதி நினைவை மூளையில் வைத்திருப்பதில்லை. வீடே அவருக்காக நினைவு வைத்திருக்கும். விளக்குச் சுவிட்ச் எங்கே, இரவில் கழிவறைக்கு எத்தனை அடி, தேநீர்க் கோப்பை எந்த அலமாரியில் என்பதெல்லாம் கை கால்களுக்கே தெரியும். அந்த வீட்டைவிட்டு வெளியே வந்ததும் மறைந்திருந்த குறை மொத்தமாக வெளிப்படும். ‘இங்கே வந்த பிறகுதான் இப்படி ஆகிவிட்டார்’ என்று குடும்பத்தினர் என்னிடம் சொல்வது வழக்கம். அநேகமாக, வருவதற்கு முன்பே அது தொடங்கியிருக்கும்.

மொழி இன்னொரு விஷயம். வளர்ந்தபின் கற்ற மொழி டிமென்ஷியாவில் பல நேரம் முதலில் கழன்றுகொள்ளும். சிறுவயது மொழி கடைசிவரை நிற்கும். புலம்பெயர்ந்து நாற்பது வருடம் வாழ்ந்த ஊரின் மொழியைக்கூட மறந்து தாய்மொழிக்குத் திரும்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அறுபத்தைந்தில் கற்கத் தொடங்கும் ஒரு மொழியில், எண்பதில் ‘எனக்கு இங்கே வலிக்கிறது’ என்று சொல்ல முடியுமா என்பதை யோசிக்க வேண்டும். விடுமுறையில் உணவகத்திலும் கடற்கரையிலும் ஆங்கிலத்தில் பேசிச் சமாளித்திருப்பீர்கள். இரவு இரண்டு மணிக்கு வார்டில் இருக்கும் நர்ஸுக்கும் அந்த ஆங்கிலம் தெரியுமா என்று யாரும் விடுமுறையில் பார்ப்பதில்லை.

சரி, எந்த நாடு என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு நாட்டின் பெயரைச் சொல்லி என்னால் முடிக்க முடியாது, சொல்லவும் கூடாது. எந்த நாட்டையும் எப்படி எடைபோடுவது என்று சொல்ல முடியும்.

நீங்கள் விட்டு ஓட நினைக்கும் பிரச்சினை புதிதில்லை. மக்கள்தொகையில் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதம் ஆக பிரான்சுக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆனது. ஜப்பானுக்கு 1970இலிருந்து 1994வரை, 24 வருடம்தான். அந்த வேகத்தைப் பார்த்த ஜப்பானிய வர்த்தக, தொழில் அமைச்சகம் 1986இலேயே ‘சில்வர் கொலம்பியா’ என்று ஒரு திட்டம் போட்டது. ஓய்வுபெற்றவர்கள் ஸ்பெயின், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஜப்பானியக் குடியிருப்புகள் அமைத்துப் போய் வாழ்வது என்று யோசனை. காரையும் தொலைக்காட்சியையும் ஏற்றுமதி செய்தது போதாதென்று இப்போது கிழவர்களையும் ஏற்றுமதி செய்கிறீர்களா என்று கடும் விமர்சனம் எழுந்தது. அப்புறம் குடியேற்றம் என்ற பேச்சை விட்டுவிட்டு, சில மாதங்கள் தங்கித் திரும்பும் ‘லாங் ஸ்டே’ என்ற வழிக்கு மாறினார்கள். அதற்கென 1992இல் ஒரு அமைப்பும் வந்தது. அந்த மாற்றத்தில் உங்களுக்கு ஒரு யோசனை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

பராமரிப்பு என்பது ஊரோடு ஒட்டியது, கையில் எடுத்துக்கொண்டு போக முடியாது. ஜப்பானில் 2000இல் தொடங்கிய நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுக்கு 40 வயதிலிருந்து எல்லோரும் பணம் கட்டுகிறார்கள். ஆனால் அங்கே வசிப்பதை விட்டுவிட்டால் அந்தச் சேவை கிடைக்காது. ஜெர்மனியில் 1995இல் வந்த பராமரிப்புக் காப்பீட்டின் ரொக்க உதவியை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போனாலும் வாங்கலாம். அதைத் தாண்டித் தாய்லாந்தில் நிரந்தரமாகக் குடியேறினால் வராது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் மிகச் சில விதிவிலக்குகள் தவிர வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. பிரிட்டனின் அரசு பென்ஷன் வெளிநாட்டிலும் வரும், ஆனால் ஆஸ்திரேலியா, கனடா, தாய்லாந்து போன்ற பல நாடுகளில் வசித்தால் வருடாந்தர உயர்வு கிடையாது. போன அன்று இருந்த தொகையிலேயே உறைந்துவிடும். இருபது வருடத்து விலைவாசியை அந்தத் தொகையோடு பொருத்திப் பாருங்கள். உங்கள் பென்ஷன் எந்த வகை, நீங்கள் போகும் நாட்டில் அது உயருமா, உங்களுக்குப் பின் மனைவிக்கு எவ்வளவு வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

விசாவும் அப்படித்தான். ஓய்வுபெற்றவர்களுக்கான விசா பெரும்பாலும் குடியுரிமை தருவதில்லை, ஒவ்வொரு முறையும் தகுதியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். தாய்லாந்தில் 50 வயதானவர் 8,00,000 பாத் வங்கியில் வைத்திருந்தோ மாதம் 65,000 பாத் வருமானம் காட்டியோ ஓராண்டு தங்கலாம். 90 நாளுக்கு ஒருமுறை இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும். 66 வயதில் இது ஒரு சின்ன வேலை. 84 வயதில், பக்கவாதத்துக்குப் பிறகு, யார் போய்ச் செய்வார்கள்? விதிகளும் நம்மோடு சேர்ந்து மாறுகின்றன. மலேசியாவின் ‘இரண்டாவது இல்லம்’ திட்டத்தில் வெளிநாட்டு மாத வருமானம் 10,000 ரிங்கிட் இருந்தால் போதும் என்றிருந்ததை 2021இல் 40,000 ஆக்கினார்கள். 2024இல் மறுபடி முழுவதையும் மாற்றினார்கள். நீங்கள் ஒப்புக்கொண்ட விதியிலேயே இருபது வருடம் வாழ்ந்துவிடலாம் என்று நம்பி வீட்டை விற்கக் கூடாது.

முதுமையில் இடம்பெயர்வதைப் பற்றி லிட்வாக், லாங்கினோ என்ற இருவர் 1987இல் எழுதிய கட்டுரையை என் மாணவர்களுக்கு இன்னும் பாடம் நடத்துகிறேன். ஓய்வுக்குப் பின் மனிதர்கள் மூன்று முறை இடம்பெயர்வதுண்டு என்றார்கள். முதலில் நல்ல வெயிலும் இனிய வாழ்வும் தேடி. பிறகு உடல் தளர்ந்து, துணை தேவைப்பட்டு, பெரும்பாலும் பிள்ளைகள் பக்கம். கடைசியாக, குடும்பத்தால் தாங்க முடியாத நிலையில், ஒரு இல்லத்துக்கு. எல்லோரும் மூன்றையும் செய்வதில்லை. ஆனால் முதல் பயணத்தைக் கடைசிப் பயணம் என்று நினைத்து எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுகிறவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் பார்த்து வைத்திருப்பது முதல் பயணத்துக்கான வீடு. மூன்றாவது மாடி, கடலோர ஊர் என்கிறீர்கள். லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால், அது பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்கிறார்கள்?

ஒரு வீட்டை நான் குளியலறையிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவேன். அன்றாட வேலைகளை அளக்கும் அளவுகோல் ஒன்றை காட்ஸ் என்ற மருத்துவர் 1963இல் வெளியிட்டார்: குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது, சிறுநீர் மலம் அடக்குவது, சாப்பிடுவது. முதலில் கைவிட்டுப் போவது பெரும்பாலும் குளியல், கடைசிவரை நிற்பது சாப்பிடுவது. ஆகவே உங்களில் ஒருவருக்கு முதலில் வேண்டிவரும் உதவி, குளிக்க வைக்க ஒரு ஆள். அந்த ஊரில் அந்த ஆள் யார்? நம்பி அனுப்பும் நிறுவனம் உண்டா? ஒரு மணி நேரத்துக்கு வருவார்களா, முழு நாள் வைத்தால்தானா? அவருக்கு உடம்பு முடியாவிட்டால் மாற்று யார்? வாக்கர் திரும்பும் அளவுக்குக் குளியலறைக் கதவு அகலமா? அடுத்த முறை போகும்போது கடற்கரையில் நடப்பதோடு நிற்காமல், அந்த ஊர்ப் பெரிய மருத்துவமனையில் ஒரு சாதாரண நோய்க்குப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். முதியோர் இல்லம் ஒன்றில் மாலை நேரத்தில், முன்கூட்டிச் சொல்லாமல், உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். பகலில் எல்லா இல்லமும் நன்றாகவே இருக்கும். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் ஆள் பற்றாக்குறை தெரியும்.

காப்பீட்டிலும் உங்கள் மனைவியின் விஷயம் குறுக்கே வரும். பரிசோதனைக்கு முன்பே பாலிசி எடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இருக்கும் அறிகுறியைச் சொல்லாமல் எடுத்த பாலிசியை, பணம் தர வேண்டிய நாளில் செல்லாது என்று நிறுவனம் சொல்லலாம். அதுவும் உங்களுக்கு எதிர்த்துப் போராடத் தெம்பில்லாத நாளில். எல்லாவற்றையும் சொல்லி, என்ன விலக்கு போடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு கணக்குப் போடுங்கள். எத்தனை வயதுவரை புதுப்பிப்பார்கள் என்பதையும் பாருங்கள்.

கையெழுத்து விஷயம் அவசரமானது. பரிசோதனையில் எது வந்தாலும், நீங்கள் இருவரும் உயில், சொத்து நிர்வாகத்துக்கான அதிகாரப் பத்திரம், சிகிச்சை பற்றி உங்கள் சார்பில் முடிவெடுப்பவர் யார் என்ற பத்திரம் ஆகியவற்றை இந்த ஆண்டே எழுதுங்கள். மனத்தெளிவு இருக்கும்போது போட்ட கையெழுத்துத்தான் செல்லும். நாள் கடந்துவிட்டால் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். நினைவு போன பிறகும் செல்லுபடியாகும் வகைப் பத்திரம்தானா என்று வக்கீலிடம் குறிப்பாகக் கேளுங்கள், சாதாரணப் பவர் பத்திரம் பல நாடுகளில் அந்த நிலையில் செத்துவிடும். இன்னொரு சிக்கல், ஒரு நாட்டில் எழுதிய இந்தப் பத்திரத்தை இன்னொரு நாடு ஏற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இதற்காகவே 2000இல் ஹேக் நகரில் வயதுவந்தோர் பாதுகாப்பு ஒப்பந்தம் உருவாகி 2009இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதில் சேர்ந்த நாடுகள் குறைவு, பெரும்பாலும் ஐரோப்பியவை. வெளிநாட்டில் காட்டுவதற்காக ஆவணத்துக்கு அரசு தரும் அப்போஸ்டில் முத்திரை வாங்கினால் போதும் என்பார்கள். அது கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்பதை மட்டும் காட்டும், பத்திரத்தில் உள்ள அதிகாரத்தை அந்த நாட்டு வங்கி ஏற்கும் என்று உறுதி தராது. இரண்டு நாட்டிலும் தனித்தனியாக எழுதுவதே நல்லது.

இத்தனையும் சொல்வதால் போகவே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டில் நிம்மதியாக வயதாகிறவர்கள் இருக்கிறார்கள். தாய்லாந்தின் சியாங் மாய் பக்கம், சுவிட்சர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள் இருக்கின்றன. சொந்த நாட்டில் வாங்க முடியாத அளவுக்கு ஆள் துணை அங்கே கிடைக்கிறது. பராமரிப்பில் ஆள் நேரம்தான் எல்லாமே என்பதால் அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களின் குடும்பங்கள் நோயைத் தெரிந்துகொண்டு, அதற்கென்றே இடம் தேடிப் போனவை. தெரியாமல் போய்ச் சிக்கிக்கொள்வதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

வீட்டை இப்போது விற்காதீர்கள். முன்பணமும் வேண்டாம். ஏஜென்ட் சொல்லும் இரண்டு மாதம் அவருடைய அவசரம். அந்த வீடு போனால் இன்னொன்று வரும். பரிசோதனை முடிந்து, மருத்துவர் பயணத்துக்குச் சரி என்றால், உங்கள் வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு அந்த ஊரில் வாடகைக்கு மூன்று மாதம் இருந்து பாருங்கள். சுற்றுலாக் கூட்டம் இல்லாத, மழையோ புழுக்கமோ அதிகமான மாதங்களாகப் பார்த்துப் போங்கள். ஜப்பானியர்கள் கடைசியில் வந்து நின்றது இந்த வழியில்தான் என்று சொன்னேன் அல்லவா. வருடத்தில் சில மாதம் அங்கே, மீதி இங்கே என்று ஐந்தாறு வருடம் ஓட்டினாலும் நல்லதே. திரும்பி வந்து விழ ஒரு வீடு இருக்கும். உங்கள் மருத்துவர், உங்கள் உரிமைகள் எல்லாம் கையை விட்டுப் போகாது. சில நாடுகளில் இத்தனை மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் மருத்துவ உரிமை போய்விடும் என்ற விதி உண்டு. உங்கள் நாட்டின் கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று மாதத்தில் ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். நீங்கள் கூட இல்லாமல் உங்கள் மனைவி பக்கத்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறாரா? அதேபோல், நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்டால் அவரால் யாரையாவது அழைக்க முடியுமா? இப்போது உங்கள் திட்டம் முழுவதும் உங்கள் ஒருவரின் ஆரோக்கியத்தின் மேல் நிற்கிறது. இதை எழுதச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: முதலில் விழப்போவது நீங்களாகவும் இருக்கலாம். மொழி தெரியாத ஊரில், நினைவு தளர்ந்த நிலையில், அவர் தனியாக இருப்பதை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இதை அவரிடம் மறைத்து எதுவும் செய்யாதீர்கள். ‘உன் மறதிக்காகத்தான் டாக்டரிடம் போகிறோம்’ என்று குற்றம்போலச் சொல்லவும் வேண்டாம். இருவருமே குடியேறுவதற்கு முன் முழுப் பரிசோதனை செய்துகொள்வோம் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட. உங்களுக்கும் அது தேவை. எங்கே வாழ விருப்பம் என்பதை அவர் வாயால் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். உங்கள் கடிதத்தில் ‘நினைக்கிறோம்’ என்று இருக்கிறது, ஆனால் அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை.

அம்மாவைப் பற்றி. 88 வயதானவரை உங்களோடு கூட்டிக்கொண்டு போக வேண்டாம். மேலே வீட்டைப் பற்றியும் மொழியைப் பற்றியும் சொன்னதெல்லாம் அவருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். விட்டுவிட்டுப் போவது தவறா என்றால், தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது உண்மையில் பார்த்துக்கொள்வது உங்கள் தம்பி. அவர் வீட்டில் யார் குளிக்க வைக்கிறார்கள், யார் இரவில் எழுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் ஒரு வாரம் அங்கே போய்த் தங்கி, அந்த வேலைகளை நீங்களே செய்து பாருங்கள். அவர்களுக்கு வருடத்தில் சில வாரமாவது ஓய்வு வேண்டும். நீங்கள் ஊரில் இருக்கும் மாதங்களில் அம்மா உங்களிடம் வந்து இருக்கலாம், அல்லது நீங்கள் போய் அவர்களை வெளியே அனுப்பிவைக்கலாம். செலவில் உங்கள் பங்கு என்ன என்பதைத் தம்பியோடு உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். தம்பி கேட்க மாட்டார், நீங்கள்தான் ஆரம்பிக்க வேண்டும்.

இந்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். ஏஜென்டிடம் இரண்டு மாதத்தில் பதில் சொல்ல முடியாது என்று சொல்லிவிடுங்கள். ரத்தம், காது, நினைவாற்றல் மூன்றின் முடிவும் கையில் வந்ததும், இருவர் சாப்பிடும் மாத்திரைப் பட்டியலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் சில வரிகளை உங்கள் மனைவியே எழுதினால் எனக்கு இன்னும் உதவியாக இருக்கும்.